ஆல்பத்துக்கான படத்திருத்தம்

பழைய படங்களை ஸ்கேன் செய்து, ஆல்பப் பக்கத்துக்கேற்பக் கணினியில் சீராக்கும் முறை. கெடாவின் கூலிம் மாவட்டத்துக் கரங்கான் போன்ற தோட்டப்புற ஊர்களின் குடும்பப் படங்களுக்கு, புதிதாகப் பழகுவோர் முதலில் கற்க வேண்டியது செபியா என்னும் பழுப்புச் சாயல் அன்று, நிறச் சமநிலையே. 1970களின் வண்ணப் படங்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முந்தி மங்குவதால் செம்மை ஏறுகிறது. அதைக் குறைத்தால் லயத்து வாசலும் சேலைக்கரையும் தெளியும். செபியாவோ, வெள்ளியை வெள்ளி சல்பைடாக்கிக் கறுப்புவெள்ளைப் படத்தின் ஆயுளைக் கூட்டிய வேதிமுறை. வண்ணப் படத்தில் அதன் சாயலைப் பூசினால் சேலையின் நிறமென்ற சான்றே போய்விடும். பலகாலப் படங்களை ஒரே பக்கத்தில் இணைக்கச் செபியாச் சாயல் உதவும் என்பர். நியாயம்தான், 1996 முதல் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில், நகலெடுத்த தனி அடுக்கில் செய்தால் மூலம் சிதையாது. நிறம் திருத்துவதும் கலப்படமே என்ற வாதம் பொருந்தாது: மங்கிய சாயத்தை ஈடுசெய்வது வேறு, கிழிந்த முகத்தை ஊகித்து வரைவது வேறு.