வீட்டுக்கு ஏற்ற ஸ்டீரியோ: வரலாறு காட்டும் வழி



தீபாவளி நெருங்கிவிட்டால் மலிவு விற்பனை விளம்பரங்களில் ஒலிக்கருவிகள் அணிவகுத்து நிற்கும். “சார், எத்தனை வாட் வாங்கினால் நன்றாக இருக்கும்?” எனப் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. வரலாறு கற்பிப்பவனிடம் கேட்கும் கேள்வியா இது என நீங்கள் நினைக்கலாம். ஆயினும் இதற்கான விடையின் பெரும்பகுதி வரலாற்றில்தான் இருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கக்கூடிய பொருள் என்பதால், அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நன்று.

எடிசன் 1877இல் ஒலியைப் பதிவு செய்து காட்டினார். பத்தாண்டுகளில் பெர்லினர் தட்டை வடிவ இசைத்தட்டுக்கு வழி வகுத்தார். அக்கருவிகளில் ஒலி ஒரே குழல்வாயிலிருந்து வெளிவந்தது. மனிதனுக்கோ இரண்டு செவிகள். 1881இல் பாரிசு மாநகரில் நடந்த மின்னியல் கண்காட்சியில், கிளெமான் அதேர் இசை நாடக அரங்கின் ஒலியைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே கொண்டுவந்தார். காதுக்கு ஒன்றாக இரண்டு கேட்புக்கருவிகளைப் பிடித்துக் கேட்டவர்கள், பாடகர் மேடையில் இடம் மாறுவதையும் உணர்ந்தனர்.

அந்த உணர்வை அறிவியல் முறையாக வகுத்தவர் இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன். திரைப்படத்தில் நடிகர் ஒரு பக்கம் நடக்க, குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருவது அவரை உறுத்தியது என்பர். 1931இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமையில் இன்றைய ஸ்டீரியோவின் அடிப்படைகள் அடங்கியிருந்தன. இசைத்தட்டின் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு ஒலித்தடங்களைப் பதிக்கும் வழியும் அதில் இருந்தது. தம் கண்டுபிடிப்பு வீடுகளைச் சென்றடைவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1942இல் ரேடார் சோதனைக்காகச் சென்ற விமானம் விபத்துக்குள்ளாகி, தம் 38ஆம் வயதில் மறைந்தார்.

நீண்ட நேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டு 1948இல் வந்தது. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனையில் பரவத் தொடங்கின. அக்காலத்தில் ஆழ்ந்த அடித்தொனி வேண்டுமென்றால் அலமாரி அளவு ஒலிபெருக்கிப் பெட்டி வேண்டும். ஒன்றை வைக்கவே கூடத்தில் இடம் தேடியவர்கள் இரண்டை எங்கே வைப்பார்கள்? இச்சிக்கலுக்கு அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954இலேயே தீர்வு கண்டிருந்தார். பெட்டியைக் காற்றுப் புகாதபடி மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஒலிபெருக்கிக் கூம்புக்குச் சுருள்வில் போலப் பயன்படுத்தினார். புத்தக அடுக்கில் அடங்கும் பெட்டியிலிருந்து அடித்தொனி பிறந்தது. வீட்டின் அளவுக்குக் கருவி இணங்கி வந்த பிறகே ஸ்டீரியோ குடும்பப் பொருளாயிற்று.

ஆகவே, முதலில் அளக்க வேண்டியது உங்கள் கூடத்தை. இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைய வேண்டும். பெட்டிகள் இரண்டையும் தொலைக்காட்சி மேசையில் ஒட்டி வைத்துவிட்டால் புளூம்லைனின் உழைப்பு வீண்தான். சிறிய அறையில் பெரிய பெட்டியைச் சுவர் மூலையில் வைத்தால் அடித்தொனி பொங்கிப் பாட்டின் சொற்களை மூழ்கடிக்கும். தரைவீட்டில் வாழ்வோர் பக்கத்து வீட்டாரையும் நினைக்க வேண்டும்.

அடுத்தது வாட் கணக்கு. இதிலும் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. உற்பத்தியாளர்கள் விருப்பம்போல் எண்களை ஊதிப் பெருக்கியதால், 1974இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் ஆம்ப்ளிஃபையர் ஆற்றலை அளந்து அறிவிப்பதற்கு விதி வகுத்தது. ஆயினும் ‘பி.எம்.பி.ஓ.’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட் எண்கள் பிற்காலத்தில் பெட்டிகளில் அச்சாகின. அது கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண். தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் குறிக்கும் ‘ஆர்.எம்.எஸ்.’ எண்ணையே பாருங்கள். 50 வாட்டை 100 வாட்டாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறு மாற்றம்.

மூன்றாவது, நீங்கள் எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பது. 1950, 60களின் தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத்தடத்தில் பதிவானவை. தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் திரைப்பாடல்கள் எனப் பரவலாகக் குறிப்பிடப்படுபவை 1978இல் வெளிவந்த ‘பிரியா’ படப் பாடல்கள். இளையராஜா இசையமைத்த அப்படம் சிங்கப்பூரில் படமாக்கப்பட்டது என்பது நம் பக்கத்தாருக்குத் தனி மகிழ்ச்சி. பழைய பாடல்களே உங்கள் உயிர் என்றால், ஐந்தாறு ஒலிபெருக்கிகளோ அதிரும் அடித்தொனிப் பெட்டியோ தேவையில்லை. மனிதக் குரலைத் தெளிவாகத் தரும் நல்ல இரண்டு பெட்டிகள் போதும். பிற்காலத்து இசையும் திரைப்படங்களும் வேண்டுவோருக்கே அடித்தொனிப் பெட்டியால் பயன் உண்டு.

இறுதியாக ஒன்று. 1963இல் ஒலிநாடாப் பேழை, 1982இல் குறுந்தட்டு, பின்னர் கணினிக் கோப்பு, இப்போது திறன்பேசி. பாட்டு வரும் வாசல் மாறிக்கொண்டே இருக்கிறது, காது மாறவில்லை. எனவே பணத்தின் பெரும்பங்கை ஒலிபெருக்கிகளுக்கு ஒதுக்குங்கள். புளூடூத்துடன் கம்பி இணைப்புத் துளைகளும் உள்ள ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுங்கள். இசைத்தட்டு வைத்திருப்போர் ‘ஃபோனோ’ என்று குறிக்கப்பட்ட இணைப்பு உண்டா எனப் பார்க்க வேண்டும். தட்டின் ஊசி தரும் மின்குறிகை மிக மெல்லியது.

கடைக்குச் செல்லும்போது நூறு முறை கேட்டுப் பழகிய பாடல் ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். விற்பவர் போட்டுக் காட்டும் அதிரடி இசையை ஒதுக்கிவிட்டு அதையே ஒலிக்கச் சொல்லுங்கள். ஒலியைக் குறைத்து வைத்தும் சொல் ஒவ்வொன்றும் காதில் விழுகிறதா? அப்படியானால் அதுவே உங்கள் வீட்டுக்குரிய கருவி.