போரில் மடியும் குடிகளும் பயங்கரவாதமும்

போரில் படைவீரர் மட்டும் மடிவதில்லை. படைக்கலம் ஏந்தாத குடிமக்களும் மடிகின்றனர். பயங்கரவாதச் செயல்களிலும் குடிமக்களே மடிகின்றனர். ஆகவே, இரண்டும் ஒன்றே என்று கூறுவாரும் உளர். அரசு செய்தால் போர், மறைந்து வாழும் கூட்டம் செய்தால் பயங்கரவாதம் என்று பிரிப்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வரலாற்று நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கொண்டு ஆராய்தல் தகும்.

கோபன்ஹேகன் பள்ளி

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 முதல் டென்மார்க் நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. அதன் தலைநகராகிய கோபன்ஹேகனில், ஷெல் மாளிகை என்னும் கட்டடத்தில், கெஸ்டாபோ எனப்படும் ஜெர்மானிய இரகசியப் போலீசாரின் தலைமையகம் அமைந்திருந்தது. விடுதலைக்காக மறைவில் உழைத்தோரைப் பற்றிய ஆவணங்கள் அங்கே குவிந்திருந்தன. அவை அழியாவிடின் தம் இயக்கமே அழியும் என்று கண்ட டேனிஷ் விடுதலை வீரர்கள், அக்கட்டடத்தைத் தாக்குமாறு தாமே பிரிட்டனை வேண்டினர். தம் தோழர்கள் அதன் மேல்மாடியில் சிறைப்பட்டிருந்ததையும் அறிந்தே வேண்டினர்.

1945 மார்ச் 21ஆம் நாள் பிரிட்டிஷ் விமானங்கள் கூரைகளை உரசுவனபோல் தாழப் பறந்து வந்தன. அவற்றுள் ஒன்று கம்பத்தில் மோதி, ஒரு பிரெஞ்சுப் பள்ளியின் அருகே வீழ்ந்து எரிந்தது. பின்னால் வந்த விமானங்களுள் சில, அப்புகையையே இலக்கென்று கருதி அங்குக் குண்டு வீசின. பள்ளியில் 86 பிள்ளைகள் இறந்தனர். கெஸ்டாபோ தலைமையகமும் அன்றே அழிந்தது. சிறைப்பட்டவருள் பலர் தப்பினர்.

ஆர்ச்சர்ட் ரோட்டுக் குண்டு

மலேசியா அமைந்ததை எதிர்த்து 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நடத்திய மோதலைக் 'கொன்ஃப்ரொந்தாசி' என்பர். சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலமாக இருந்த 1965ஆம் ஆண்டு, மார்ச் 10, புதன்கிழமை பிற்பகலில், ஆர்ச்சர்ட் ரோட்டில் உள்ள மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்தது. அங்கே வங்கியும் அலுவலகங்களும் இயங்கி வந்தன. மூவர் உயிரிழந்தனர், 33 பேர் காயமுற்றனர்.

குண்டு வைத்த உஸ்மான், ஹாருன் இருவரும் இந்தோனேசியக் கடற்படைப் பிரிவினர். சாதாரண உடையில் வந்தவர்கள். படைவீரர் என்னும் முறையில் தம்மைப் போர்க்கைதிகளாக நடத்த வேண்டும் என்னும் அவர்கள் வாதம் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. சீருடையின்றி வந்ததையும், தாக்கப்பட்டது இராணுவத் தொடர்பற்ற கட்டடம் என்பதையும் கருதி, 1968ஆம் ஆண்டு அவ்வாதம் தள்ளப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 17இல் சாங்கிச் சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

இந்தோனேசியா அவர்களைத் தேசிய வீரர்களாகப் போற்றியது. 1973இல் ஜகார்த்தா சென்ற பிரதமர் லீ குவான் இயூ, அவர்கள் கல்லறைகளில் மலர் தூவி அந்நாட்டுடன் நட்பைப் புதுப்பித்தார். எனினும் 2014இல் அவ்விருவர் பெயர் ஒரு போர்க்கப்பலுக்குச் சூட்டப்பட்டபோது, சிங்கப்பூர் அதனைக் கண்டித்தது. மறு ஆண்டு, மோதலில் இறந்தோர்க்கு ஆர்ச்சர்ட் ரோட்டில் நினைவுச் சின்னம் எழுந்தது.

எது வேறுபாடு?

எண்ணிக்கையே அளவுகோலாயின், 86 பிள்ளைகளைக் கொன்ற விமானிகளே கொடியவராவர். அரசின் ஆணையே அளவுகோலாயின், உஸ்மானும் ஹாருனும் ஓர் அரசின் படைவீரரே. எனவே இவ்விரண்டும் அளவுகோல் ஆகா.

அன்று அப்பள்ளிக்கு விடுமுறையாக இருந்திருந்தால், விமானிகளின் நோக்கத்திற்கு ஒரு குறையும் நேர்ந்திராது. அவர்களே அதற்கு மகிழ்ந்திருப்பர். ஆனால் வேலை நேரத்தில், மக்கள் நடமாடும் வங்கிக் கட்டடத்தில் வைக்கும் குண்டுக்கு, அம்மக்களின் அச்சத்தைத் தவிர வேறு பயன் என்ன? அங்கே குடிமக்களின் துன்பம் தற்செயலாக நேர்ந்ததன்று, அதுவே கருவி. பயங்கரவாதத்தின் உயிர்நிலை இதுவே.

சீருடை அணிந்த பயங்கரம்

இவ்வளவுகோலை அரசுகளின்மீதும் வைத்துப் பார்த்தல் வேண்டும். இட்லரின் விமானங்கள் ராட்டர்டாமையும் இலண்டனையும் எரித்தன. 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப் படைக்குச் சென்ற ஆணையோ, எதிரி நாட்டுக் குடிமக்களின், சிறப்பாகத் தொழிலாளரின், மன உறுதியைக் குலைப்பதையே இலக்காகக் குறித்தது. 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் டிரெஸ்டன் நகரைத் தாக்கின. 25,000 பேர் வரை இறந்தனர் என்று வரலாற்றறிஞர் குழு ஒன்று 2010இல் முடிவு செய்தது.

பிஷப் ஜார்ஜ் பெல் 1944 பிப்ரவரியிலேயே பிரபுக்கள் சபையில் நகரங்களை அழிப்பதைக் கண்டித்துப் பேசினார். அதனால் பலரது வெறுப்பையும் பெற்றார். கோபன்ஹேகன் தாக்குதல் நடந்து ஏழு நாட்களில், பிரதமர் சர்ச்சிலே ஒரு குறிப்பு எழுதினார். வேறு காரணங்களைக் காட்டிப் பயங்கரத்தை மிகுவிப்பதற்காகவே நகரங்களைத் தாக்குவதை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. படைத்தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே, அதனைத் திரும்பப் பெற்று, 'பயங்கரம்' என்னும் சொல் இல்லாத வேறொரு குறிப்பை அனுப்பினார். சொல் மறைந்தது, டிரெஸ்டனில் நடந்தது மாறவில்லை.

காக்கும் கடமை

இனி, 'கொல்லும் எண்ணம் இல்லை' என்று கூறிவிட்டால் குற்றம் நீங்கிவிடுமா? அமெரிக்க அறிஞர் மைக்கேல் வால்சர் 1977இல் வெளியிட்ட நூலில், எண்ணம் மட்டும் போதாது, குடிகளைக் காக்கத் தாமே இடரை ஏற்கும் முயற்சியும் வேண்டும் என்றார். நார்வே விடுதலை வீரர்களின் செயலில் அத்தகைய கவலையைக் காணலாம். அணுக்குண்டு ஆராய்ச்சிக்கென ஜெர்மனிக்குச் சென்ற கனநீரை ஏற்றிய படகை அவர்கள் 1944 பிப்ரவரி 20இல் மூழ்கடித்தனர். பயணிகள் குறைவாக இருப்பர் என்றே ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தேர்ந்தனர். அவ்வாறு செய்தும் நார்வே மக்கள் 14 பேர் மாண்டனர்.

பழந்தமிழ் இலக்கியத்திலும் இப்போராட்டம் உண்டு. பகைவர் நாட்டை எரியூட்டுவதை 'எரிபரந்தெடுத்தல்' என்னும் துறையாகவே தொல்காப்பியம் வகுக்கிறது. மாறாக, முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், பெண்டிரும் பிணியுடையோரும் முதலியோர் அரண் புகுமாறு முன்னறிவித்த பின்னரே அவன் அம்பு விடுவான் என்று போற்றுகிறார். எரித்த மன்னரையும் எச்சரித்த மன்னனையும் பாடிய அவ்விலக்கியத்தில், அறநெறி என்று சுட்டப்படுவது எச்சரித்த செயலே.

1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளுடன் சேர்ந்த முதற் கூடுதல் நெறிமுறை இதனைச் சட்டமாக்கியது. குடிமக்களைத் தாக்கலாகாது; அவர்களிடையே பயங்கரத்தைப் பரப்புவதை முதன்மை நோக்காகக் கொண்ட வன்செயலும் ஆகாது; படைப் பயனுக்கு மிஞ்சிய உயிரிழப்பை விளைக்கும் தாக்குதலும் ஆகாது என்பன அதன் விதிகள்.

ஆகவே, எக்கொடியின்கீழ் நடந்த கொலையாயினும் கேட்கத் தக்க வினாக்கள் மூன்று: குறி யார்? குறியல்லாதாரைக் காக்கச் செய்த முயற்சி யாது? பெற்ற பயன் இழந்த உயிர்களுக்கு ஈடாகுமா? முதல் வினாவில் தவறியது பயங்கரவாதம், அதனைச் செய்தது பேரரசே ஆயினும். பின்னிரு வினாக்களில் தவறியது பயங்கரவாதம் அன்று; ஆயினும் அதுவும் குற்றமே. மூன்றிலும் தேறிய செயலும் இழந்த பிள்ளையைத் தாயிடம் மீட்டுத் தருவதில்லை. போரை இறுதி வழியாக அன்றி முதல் வழியாகக் கொள்ளலாகாது என்பதற்கு அதனினும் வலிய காரணம் வேண்டியதில்லை.