மாரான் கோழி

பிரான்சு தேசத்தின் மேற்குக் கரையோரத்தில், லா ரொஷேல் துறைமுகத்துக்கு அருகிலுள்ள மாரான் என்னும் சிற்றூரின் பெயரைத் தாங்கி, 1931-இல் இலட்சண நிர்ணயம் பெற்ற இக்கோழியினம், கருஞ்செம்மை நிறமுடைய தன் முட்டையினாலேயே உலகப் பிரசித்தி அடைந்தது. ஓடு முற்றும் தறுவாயில் புரோட்டோபார்ஃபிரின் என்னும் நிறமி அதன் மேற்புறத்தில் பூச்சாகப் படிகிறது; ஆதலின் அப்போதுதான் இட்ட ஈரமுட்டையை விரலால் தேய்த்தால், வர்ணம் விரலில் ஒட்டிக்கொண்டு அவ்விடம் வெளிறிப்போவதைக் காணலாம். பருவத்தின் முதல் முட்டைகள் மிகக் கருமையாயிருந்து, நாளாக ஆக நிறம் மங்கும்.

வளர்ப்போருக்குப் பெருஞ்சோதனை யாதெனில், இறகின் அழகும் முட்டையின் கருமையும் வெவ்வேறு பரம்பரைக் கூறுகளைச் சார்ந்தவை என்பதே. கரிய உடலும் கழுத்தில் செம்பென மின்னும் இறகுமாக நிற்கும் சேவல் எத்துணை வனப்புடையதாயினும், அது முட்டையிடுவதில்லையாதலால், அது பொரிந்து வந்த முட்டையின் நிறத்தையும், அதன் வழிப் பிறந்த பெட்டைகள் இடும் முட்டைகளையும் நோக்கியே அதன் தகுதியை மதிப்பிடவேண்டும். இறகில் மயங்கி இப்பொறுமையை இழந்தவர், சில தலைமுறைகளுக்குள் முட்டையின் கருமையையும் இழப்பர். இறகின் நிறத்திலும் ஒரு சிக்கல் உண்டு: நீல இறகுடைய சேவலையும் அத்தகைய பெட்டையையும் இணைத்தால், குஞ்சுகளில் சுமார் பாதியே நீலமாகும். கால்பங்கு கறுப்பு, எஞ்சியது வெண்மையில் நீலத் தெறிப்பு.

அடைகாலம் மற்றக் கோழிகளுக்குப்போல் 21 நாளே. ஆயினும் ஓடு ஒளியை எளிதில் உட்புகவிடாமையால், ஏழாம் நாளில் வெள்ளை முட்டையில் சிலந்திவலைபோல் தெரியும் இரத்த நாளங்கள் இதில் தெளிவாய்ப் புலப்படா. இருட்டறையில் வலிய விளக்கின்மேல் முட்டையை வைத்து, அகன்ற முனையிலுள்ள காற்றறை விரிவதைக்கொண்டே கருவின் வளர்ச்சியை அனுபவசாலிகள் கணிக்கிறார்கள்.