பால் கொட்டகை முதல் கூலிம் வரை: கெடாவில் தரம் வளர்ந்த கதை



கெடா என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடாரம். 1025-இல் வந்த ராஜேந்திர சோழனின் கடற்படையையும் பூஜாங் பள்ளத்தாக்கையும் பற்றி நம் மேடைகளில் பேசாதவர்கள் குறைவு. அதே கெடாவில் நம் பாட்டன் பாட்டிகள் கையால் உருவான பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்தப் பொருளின் தரம் எப்படி அளக்கப்பட்டது? அதில் தவறு வந்தபோது பழி யார் மீது விழுந்தது? தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நான் பேசிய அந்த வரலாற்றை இங்கே எழுத்தில் தருகிறேன்.

கண்ணே தராசு

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். விடியும் முன் பெரட்டுக்குப் போய், ஏறக்குறைய 500 மரங்களைச் சீவி, காண்டா வாளியில் பாலைச் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பாலின் எடை பார்ப்பார்கள். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை விட்டு, பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று கணிப்பார்கள். பிறகு வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகை வீட்டில் தொங்கவிட்டால் சீட் ரப்பர் தயார்.

அதன் தரத்தை எப்படிச் சொன்னார்கள்? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். குமிழி உண்டா, பூசணம் உண்டா, நிறம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து முதல் தரம் தொடங்கி ஐந்தாம் தரம் வரை பிரித்தார்கள். கண்தான் தராசு. ஆனால் வாங்கும் டயர் ஆலைக்கு வேண்டிய செய்தி வேறு. உள்ளே எவ்வளவு அழுக்கு இருக்கிறது? சூடுபட்டால் ரப்பர் எவ்வளவு தாங்கும்? இதைக் கண் சொல்லாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செயற்கை ரப்பர் சந்தையை நெருக்கியது. அது குணங்களை எண்ணில் எழுதிய தாளோடு வந்தது. மரத்து ரப்பர் கையில் அப்படி ஒரு தாள் இல்லை! இந்தப் போட்டிக்குப் பதிலாக 1965-இல் மலேசியா கொண்டுவந்ததுதான் எஸ்.எம்.ஆர். எனப்படும் மலேசியத் தர ரப்பர்த் திட்டம். 1925-இல் உருவான ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதற்கு முதுகெலும்பாக இருந்தது. ரப்பரைத் துணுக்குகளாக்கி, உலர்த்தி, கட்டியாக அழுத்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றினார்கள். ரப்பர் மாதிரியைக் கரைப்பானில் கரைத்து, 44 மைக்ரான் சல்லடையில் வடித்து, தங்கும் அழுக்கை நிறுத்தார்கள். 140 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தார்கள். எஸ்.எம்.ஆர். 20 என்ற பெயரே அழுக்கின் அளவிலிருந்து வந்ததுதான். தொடக்கத்தில் அதன் உச்சவரம்பு 0.20 விழுக்காடு. பின்னாளில் அது 0.16 ஆக இறுக்கப்பட்டது.

கண் இருந்த இடத்துக்கு எண் வந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் இது முடிந்த பொருளுக்குக் கொடுக்கும் மதிப்பெண். செய்துகொண்டிருக்கும்போதே தவறைப் பிடிப்பது எப்படி?

ஒரு பக்கக் குறிப்பு

அதற்கான விடை அமெரிக்காவில் முன்பே பிறந்திருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூவார்ட், 1924 மே 16-ஆம் நாள் தம் மேலாளருக்கு ஏறக்குறைய ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். அதில் ஒரு சிறு வரைபடம் இருந்தது. அதுவே இன்று உலகம் முழுவதும் 'கண்ட்ரோல் சார்ட்' என்று வழங்கும் கட்டுப்பாட்டு வரைபடம்.

அதன் கருத்து எளிமையானது. ஒரே கை, ஒரே இயந்திரம், ஒரே மாவு என்றாலும் இரண்டு தோசை ஒரே எடையில் வராது. அந்தச் சிறு ஏற்ற இறக்கம் வேலையின் இயல்பு. ஆனால் கல் திடீரென்று ஆறிவிட்டால் வரும் மாற்றம் வேறு வகை. அதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் வரைபடத்தின் வேலை.

மணிக்கு ஒரு முறை, ஐந்து பொருள்களை எடுத்து அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியைப் புள்ளியாகக் குறிக்கிறோம். நடுவே ஒரு கோடு. மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் இரண்டு எல்லைக் கோடுகள். எல்லாம் இயல்பாக நடந்தால் 1,000 புள்ளிகளில் ஏறக்குறைய மூன்றுதான் எல்லை தாண்டும். ஆகவே ஒரு புள்ளி வெளியே போனால் நின்று காரணம் தேட வேண்டும். எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து கோட்டின் ஒரே பக்கம் விழுந்தாலும் தேட வேண்டும். உள்ளே இருக்கும் புள்ளிகளுக்காக இயந்திரத்தைத் திருகினால் நிலைமை மேலும் கெடும்!

இப்போது பழைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்தால் பால் குறையும். மழை பெய்தால் குறையும். நிரையில் கிழட்டு மரங்கள் அதிகம் இருந்தாலும் குறையும். ஆனால் திட்டு யாருக்கு விழுந்தது? மரம் சீவியவருக்கு. அமைப்பின் ஏற்ற இறக்கத்துக்குத் தொழிலாளி பழி சுமந்தார். ஷூவார்டின் வரைபடம் சொல்லும் நியாயம் இதற்கு நேர்மாறானது. அவர் வழியில் வந்த எட்வர்ட்ஸ் டெமிங், பெரும்பாலான குறைகளுக்கு நிர்வாகம் வகுத்த அமைப்பே பொறுப்பு என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார்.

1950-இல் டெமிங் ஜப்பானுக்குப் போய் இதைக் கற்பித்தார். மறு ஆண்டே அவர் பெயரில் அங்கே விருது தோன்றியது. இந்தியாவுக்கும் இந்தக் கலை சீக்கிரமே வந்தது. மகலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அழைப்பில் ஷூவார்டே 1947-48-இல் இந்தியா வந்தார். பலன் தமிழ்நாட்டிலும் விளைந்தது. சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் விருது பெற்றது. அந்த விருதை வென்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. 2002-இல் டி.வி.எஸ். மோட்டாரும் வென்றது.

கையுறையும் நுண்சில்லும்

மீண்டும் கெடாவுக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனையாகவும் மாறின. பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். 1980-களில் எய்ட்ஸ் அச்சம் பரவியதும் மருத்துவக் கையுறைக்குத் தேவை பெருகியது. பாட்டி சுமந்த அதே பால், பேரப்பிள்ளைகள் வேலை செய்யும் ஆலையில் கையுறையானது.

கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று அறிய ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். சோதித்த கையுறையை விற்க முடியாது. அப்படியானால் எல்லாவற்றையும் சோதிப்பது எப்படி? முடியாது! ஆகவே பாலின் பிசுபிசுப்பு, அச்சு மூழ்கி எழும் வேகம், அடுப்பின் வெப்பம் ஆகியவற்றை நிமிடத்துக்கு நிமிடம் கட்டுக்குள் வைத்தாக வேண்டும். உள்ளங்கையில் 0.08 மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாவிட்டால் பரிசோதனைக் கையுறை தேறாது.

1996-இல் திறப்பு விழா கண்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இந்தத் தேவை இன்னும் கூர்மையானது. இன்ஃபினியன் நிறுவனம் 2006-இல் அங்கே வேஃபர் ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு பிரிவையும் தொடங்கியது. ஒரு வேஃபர் பல நூறு படிகளைக் கடக்கப் பல வாரங்கள் ஆகும். கடைசியில் சோதித்துக் குறை கண்டால் அத்தனை வார உழைப்பும் குப்பை. அதனால் படிக்குப் படி வரைபடம்தான் காவல்.

நமக்கு இதில் என்ன?

வாசகர்களே, இந்த வரைபடத்தை நிரப்புகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஷிஃப்டில் நின்று எண்ணைக் குறிப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். குறிக்கத் தெரிந்தவர் ஆபரேட்டர். படிக்கத் தெரிந்தவர் டெக்னீஷியன். காரணத்தைக் கண்டுபிடித்து மாற்றத் தெரிந்தவர் பொறியாளர். இந்த மூன்று படிகளுக்கும் நடுவே நிற்பது சராசரி, வீச்சு, திட்ட விலக்கம் என்ற கொஞ்சம் கணக்குத்தான். படிவம் ஐந்தில் கணக்கைக் கைவிடாத பிள்ளைக்கு அது எட்டாத உயரம் அல்ல. பாலிடெக்னிக்கிலும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் கற்க வழி உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் இயந்திரத்தின் புள்ளிகளைப் படிக்கத் தெரிந்தவர் மீது வீண் பழி போடுவது கடினம். "இது என் கைத்தவறு இல்லை சார், நேற்று இரவு புது மூலப்பொருள் மாற்றியதிலிருந்து புள்ளிகள் ஏறுகின்றன" என்று அவர் தாளைக் காட்டிப் பேசலாம். நம் பாட்டனிடம் அப்படி ஒரு தாள் இல்லை. அவர் கொட்டகையில் தலைகுனிந்து நின்றார்.

வரைபடத் தாளில் 'காரணம்' எழுத ஓர் இடம் விட்டிருப்பார்கள். பல ஆலைகளில் அதிகம் காலியாகக் கிடப்பது அந்த இடம்தான். இன்று இரவு ஷிஃப்டுக்குப் போகும் தம்பி தங்கைகள் அதை நிரப்பத் தொடங்கட்டும். மேலே வருவதற்கு வழி அங்கேதான் இருக்கிறது.