வைரப் பிரபு தேடிப்போன வைத்தியர்

1853-ஆம் ஆண்டில் லண்டன் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆடம்ஸ் என்னும் சஸ்திர வைத்தியர், பிராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் ஒன்றை நுண்ணோக்கியின் உதவியால் ஆராய்ந்து எழுதியபோது, இது மிக அபூர்வமான வியாதி என்று குறித்துவைத்தார். அவர் அவ்வாறு நினைத்ததில் வியப்பில்லை. மூத்திரப்பையின் கழுத்தைச் சூழ்ந்து நிற்கும் அச்சுரப்பி வயோதிகத்தில் பருத்து நீரை அடைப்பது சகஜமாதலால், அந்த அடைப்பினால் அவதியுற்று மாண்ட கிழவர்களுள் எவருக்கு வெறும் வீக்கம், எவருக்குப் புற்று என்று பிரித்தறிவது அந்நாளில் எளிதாக இருக்கவில்லை. நோயையே இனம் காணாத காலத்தில் அதற்குத் தகுந்த வைத்தியர் யார் என்ற கேள்வி எங்கிருந்து பிறக்கும்?

அப்படி ஒரு வைத்தியர் உருவான வரலாறு விசித்திரமானது. 1897-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், தலைமைச் சஸ்திர வைத்தியராகிய வில்லியம் ஹால்ஸ்டெட், ஹ்யூ ஹாம்ப்டன் யங் என்ற இளைஞரைத் தாழ்வாரத்தில் சந்தித்து, மூத்திர உறுப்புகளின் சிகிச்சைப் பகுதியை இனி நீர் ஏற்று நடத்தவேண்டும் என்றார். அந்தத் துறையில் தமக்கு ஒன்றுமே தெரியாதே என்று யங் தயங்க, தெரியாது என்பது எங்களுக்கும் தெரியும், கற்றுக்கொள்வீர் என்று நம்புகிறோம் என்ற பொருள்படப் பதில் வந்ததாம். யங் தம் சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1904 ஏப்ரல் 7-ஆம் தேதி, ஹால்ஸ்டெட்டே உதவியாளராக அருகில் நிற்க, யங் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே கீறி, சுரப்பியை அதன் உறையோடு முழுமையாக அகற்றினார். மறுவருஷம் வெளியிட்ட கட்டுரையில், தாம் ஆராய்ந்த நோயாளிகள் 40 பேர் என்றும், இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்கள் நால்வரே என்றும் ஒளிவுமறைவின்றிக் கணக்குக் காட்டினார். நாற்பதில் நாலு என்று எழுதத் துணிந்த அந்த நேர்மையை, சிகிச்சையின் நுட்பத்துக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன்.

பெரும் தனவந்தர்களுக்கு வைத்தியர் அகப்படுவது எளிது என்பது பொதுவான எண்ணம். ஜேம்ஸ் புக்கானன் பிராடியின் விஷயத்தில் அது நேர்மாறாயிற்று. ரயில்வே தளவாடங்களை விற்றுச் செல்வம் குவித்தவர். உடையெல்லாம் வைரம் மின்ன நியூயார்க் உணவு விடுதிகளில் வீற்றிருந்ததால் ‘டைமண்ட் ஜிம்’ என்று பேர் பெற்றவர். மதுவைத் தொடாதவர், ஆயினும் போஜனத்தில் அளவென்பதை அறியாதவர். 1912-இல் அவருக்கு நீரடைப்பு முற்றியபோது, பருத்த சரீரமும் நீரிழிவும் கண்டு பாஸ்டன், நியூயார்க் வைத்தியர்கள் கத்தி வைக்க மறுத்துவிட்டனர். அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. இன்சுலின் தோன்ற இன்னும் சுமார் பத்தாண்டு இருந்த அந்நாளில், இத்தகைய சரீரத்தை மயக்கத்தில் ஆழ்த்திக் கீறுவது ஆளையே பறிகொடுப்பதற்கு ஒப்பாகும். ஆனால் பால்டிமோரில் யங்கின் கையில் வேறொரு கருவி இருந்தது: மூத்திரத் தாரை வழியே செலுத்தும் ஒரு குழல், அதன் பக்கத்தில் ஒரு சாளரம், அடைத்து நிற்கும் சதை அந்தச் சாளரத்துக்குள் புடைத்து விழும்போது, உள்ளிருக்கும் கூரிய விளிம்புடைய மற்றொரு குழலை நகர்த்த, சதை துண்டுபட்டுவிடும். வெளியே கீறலில்லை, முழு மயக்கமும் வேண்டா, அவ்விடத்தை மரத்துப்போகச் செய்தால் போதும். பிராடி பிழைத்தார். அவருக்கிருந்தது புற்று அல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும்; எனினும் அவர் நன்றியோடு அளித்த பொருளால் 1915-இல் திறக்கப்பட்ட பிராடி நிலையமே பின்னாளில் இந்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பேர்போன இடமாயிற்று.

இடையில் 1941-இல் சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண்மைச் சுரப்பு நீரை ஒடுக்கினால் பரவிய புற்றும் ஒடுங்கும் என்று காட்டி, 1966-இல் நோபல் பரிசு பெற்றார். பின்னர்க் கதிர்வீச்சு நிபுணர்களும் வந்து சேர்ந்தனர். ஆயினும் சஸ்திர சிகிச்சைக்கு உட்பட்டவர்களில் அநேகமாக எல்லோருமே உயிர் தப்பினாலும் ஆண்மை இழந்தனர். அதற்குரிய நரம்புகள் சுரப்பியின் ஊடே செல்கின்றன, ஆகவே அவற்றைக் காப்பது அசாத்தியம் என்றே நம்பப்பட்டது. 1974-இல் பிராடி நிலையத்தின் தலைமை ஏற்ற பேட்ரிக் வால்ஷ், தம்மிடம் சிகிச்சை பெற்ற ஒருவர் தமக்கு ஆண்மை திரும்பிவிட்டது என்று கூறக்கேட்டு, அதை விதிவிலக்கென்று ஒதுக்காமல், அது எவ்வாறு சாத்தியம் என்று மனத்தில் போட்டுப் புரட்டினார். 1981-இல் நெதர்லாந்தின் லேடன் நகரில், ஓய்வுபெற்ற பேராசிரியர் டாங்கரோடு ஒரு சிசுவின் சடலத்தைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த நரம்புகள் சுரப்பியின் உறைக்கு வெளியே ஓடுவது புலப்பட்டது. 1982 ஏப்ரல் 26-இல், 52 வயதுள்ள ஒருவருக்கு அந்நரம்புகளைக் காத்து முதல் சிகிச்சை நடந்தது. அந்த நோயாளி வாய் திறந்து சொல்லாதிருந்தாலும், சொன்னதை வைத்தியர் காதில் வாங்காதிருந்தாலும், இந்த மாறுதல் எப்போது வந்திருக்குமோ!

சஸ்திர வைத்தியரின் அனுபவம் எவ்வளவு தூரம் நோயாளியின் விதியைத் தீர்மானிக்கிறது என்பதை எண்ணால் அளக்க வெகுகாலம் ஆயிற்று. 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 72 வைத்தியர்களிடம் சிகிச்சை பெற்ற 7,765 பேரை ஒப்பிட்டது. முன்பு பத்துப் பேருக்கு மட்டும் செய்திருந்த கையில், ஐந்தாண்டுக்குள் நோய் மீளும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டு. 250 பேருக்குச் செய்த கையில் அது பதினொன்றுக்கும் சற்றுக் குறைவு. வைத்தியரிடம் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாதா என்று தயங்குவோர் நம்மிடையே பலர். கேட்காமலே யங் அந்தக் கணக்கை 1905-இல் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்.

கைதேர்ந்தவரைக் கண்டுபிடித்துவிட்டால் தேடல் முடிந்தது என்று எண்ணியிருந்தவர்களுக்கு, 2016-இல் பிரிட்டனிலிருந்து வந்த செய்தி திகைப்பளித்தது. சுரப்பிக்குள் அடங்கிய புற்றுள்ள 1,643 பேரை மூன்றாக வகுத்து, ஒரு சாராருக்குச் சஸ்திர சிகிச்சையும், ஒரு சாராருக்குக் கதிர்வீச்சும் அளித்து, மற்றவர்களை இரத்தப் பரிசோதனையால் கண்காணித்து மட்டும் வந்தார்கள். பத்தாண்டளவில் இந்நோயால் இறந்தவர்கள் மூன்று சாராரிலும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரே. கண்காணிப்பில் இருந்தோரிடம் நோய் முன்னேறியது அதிகமென்பதும் அதே ஏட்டில் பதிவாகியிருக்கிறது. ஆகவே கத்தியெடுக்கும் நிபுணரோடு, கதிர்வீச்சு நிபுணரையும், பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லக்கூடியவரையும் கலந்துகொண்ட பின்பே முடிவுக்கு வருவோர் இப்போது பெருகிவருகிறார்கள்.