கேட்கப்படாத கேள்வி

நம் தேசத்தில் ஒரு சட்டம், தான் ஆண்ட பொருள் செத்துப்போன பிறகும் பதினோரு ஆண்டு உயிரோடு இருந்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். தந்தி 2013 ஜூலையில் நின்றது. கடைசித் தந்தி கொடுப்பதற்கென்றே அன்று ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். சட்டமோ 2024 ஜூனில்தான் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு இடம்விடத் தொடங்கிற்று. கிழவர் போய்ச் சேர்ந்தும் அவருடைய கைத்தடி வீட்டில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அந்தத் தடி எதற்காகச் செய்யப்பட்டது என்பது ஐந்தாவது பிரிவைப் படித்தால் விளங்கும். பொது அவசரம் என்று சர்க்கார் கருதினால், எந்தச் செய்தியையும் நிறுத்தலாம், பிடித்து வைக்கலாம், வழிமறித்துப் பார்க்கலாம். 1857 இன்னும் துரைமார்களின் நினைவில் இருந்த காலம் அது. கம்பி அவர்களுக்கு வசதியாகத் தோன்றவில்லை, ஆயுதமாகத் தோன்றிற்று. பிறகு வானொலி வந்தது. 1933-ல் அதற்கும் ஒரு சட்டம் போட்டார்கள். வீட்டில் பாட்டுக் கேட்பதற்குத் தபாலாபீசில் லைசென்சு வாங்கும் வழக்கம் சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்து, 1980களில்தான் ஒழிந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்பார்கள்.

செய்தியை நிறுத்தும் அதிகாரம் நம் நாட்டில் முதலில் எழுதப்பட்டது. செய்தி வந்து சேரும் உரிமை இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. இதைக் காண டில்லி வரை போகவேண்டியதில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போனால் போதும்.

2022 ஜூலையில் அங்கே கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி மாண்டாள். கைப்பேசிக்குக் கைப்பேசி அழைப்புப் பறந்தது. 17-ஆம் தேதி கூடிய கூட்டம் பள்ளியைச் சூறையாடிற்று, பேருந்துகள் எரிந்தன. விசாரணை முடியுமுன்பே ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். ஊடகங்கள் இணை விசாரணை நடத்தக்கூடாது என்று உயர் நீதிமன்றம் கண்டிக்கவேண்டியதாயிற்று. இதைப் பார்த்தவர் எவரும் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லமாட்டார்; நானும் சொல்லவில்லை. இறந்த பெண்ணின் சொந்த விஷயங்கள் சந்திக்கு வந்த விதத்தை நினைத்தால் இன்னும் வேதனையாக இருக்கிறது. அந்தரங்கம் என்பது தனித்து விடப்படும் உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 1994-லேயே, நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பத்திரிகை வழக்கில் சொல்லிவிட்டது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அதை அடிப்படை உரிமை என்றே உறுதிசெய்தார்கள். தீர்ப்பு புத்தகத்தில் இருந்தது. கைப்பேசி கையில் இருந்தது.

ஆனால் சர்க்காருக்குப் பழகிப்போன மருந்து வேறு. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். வதந்தி நின்றதோ இல்லையோ, வதந்தியை மறுக்கும் செய்தியும் அதனுடன் நின்றது. பொய் பரப்பியவனைப் பிடிப்பது கஷ்டம். சாலையையே மூடுவது சுலபம்.

2020 ஜனவரியில், காஷ்மீர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு வரம்பு கட்டிற்று. காலவரையறை இல்லாமல் இணையத்தை நிறுத்தக்கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்றது. இணையத்தின் வழியாகப் பேசுவதற்கும் தொழில் செய்வதற்கும் அரசியல் சட்டத்தின் காப்பு உண்டு என்றது. இணையம் கிடைப்பதே ஓர் உரிமையா? அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவில்லை. காரணம் விந்தையானது: வழக்கறிஞர்கள் யாரும் அதைக் கேட்கவில்லையாம்! அதற்கு முந்தின ஆண்டே, ஹாஸ்டலில் கைப்பேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்த ஒரு மாணவியின் வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் அது உரிமைதான் என்று சொல்லியிருந்தது.

கச்சிராயபாளையம் தாண்டிப் பேருந்து கல்வராயன் மலையில் ஏறத் தொடங்கியதும் என் கைப்பேசி ஊமையாயிற்று. பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்தார். "இனிமே அது பேசாதுங்க. மேலே ஒரு பாறை இருக்குது. அதுமேல ஏறி நின்னா ரெண்டு வார்த்தை பேசலாம்" என்றார்.

அவர் மலையாளி. கேரளத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மலையின் பழங்குடிகளுக்கு அதுதான் பெயர். 1947-ல் நமக்குச் சுதந்திரம் வந்தபோது இவர்கள் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தார்கள். 1976 ஜூனில்தான் மலை சர்க்காரிடம் வந்தது. எதுவும் இங்கே தாமதித்தே ஏறுகிறது.

கருவியின் பாதுகாப்பைப் பற்றி மட்டும் நம் சர்க்கார் தாராளமாகவே கவலைப்பட்டிருக்கிறது. கோபுரங்களின் கதிர்வீச்சுக்குச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் 2012 முதல் இங்கே அனுமதி. அப்படியிருந்தும் பட்டணத்துத் தெருக்களில் கோபுரம் வேண்டாமென்று மறியல் செய்கிறார்கள். மலைக்காரர் பாறை தேடுகிறார்.

பழைய தந்திச் சட்டத்திலேயே 2003-ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. கிராமங்களுக்கும் தொலைபேசி சேரவேண்டும் என்பதற்காக ஒரு நிதிக்கு அதில் இடம் கொடுத்தார்கள். கம்பெனிகளின் வருவாயில் நூற்றுக்கு ஐந்து அதற்குப் போகும். 118 ஆண்டு கழித்து வந்த புத்தி! கனியாமூர் எரிந்த அதே 2022 ஜூலையில், 27-ஆம் தேதி, தேசமெங்கும் 24,680 கிராமங்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை தர மத்திய மந்திரிசபை இசைந்தது. இதுவும் திட்டம்தான், உரிமை அல்ல. நிறுத்தும் அதிகாரத்தையோ, 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 20-ஆம் பிரிவில் பத்திரமாக வைத்துக்கொண்டது.

2024 ஜூனில் கருணாபுரத்து விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அடுத்த மாதம், கல்வராயன் மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. சாலை, ஆஸ்பத்திரி, ரேஷன் என்று கேட்பதற்கு அங்கே எவ்வளவோ இருக்கின்றன. அந்தப் பட்டியலில் பெரியவரின் பாறையையும் யாராவது ஒரு வக்கீல் சேர்த்துவிட்டால், 2020-ல் டில்லியில் கேட்காமல் விட்ட கேள்விக்குச் சென்னையில் பதில் சொல்லியாக வேண்டும்.