சனிக்கிழமை நின்ற செக்கு



ஒரு சமூகத்தை அதன் அண்டை அயலார் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதும் வரலாறே. மகாராட்டிரத்தின் கொங்கண் கடற்கரைச் சிற்றூர்களில், செக்காட்டி எண்ணெய் எடுத்து வாழ்ந்த யூதர்கள் இருந்தனர். பெனே இஸ்ரவேலர் என்பது அவர்தம் பெயர். முன்னோர் வந்த கப்பல் உடைந்து, தப்பியோர் அக்கரையில் ஒதுங்கினர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. காலப்போக்கில் ஹீப்ரு மொழியை மறந்தனர், மராத்தியே தாய்மொழியாயிற்று. அவர்களுடைய முதல் தொழுகைக்கூடம் பம்பாயில் எழுந்ததே 1796-ஆம் ஆண்டில்தான்.

எனினும் ஒன்றை அவர்கள் மறக்கவில்லை. சனிக்கிழமையன்று அவர்களுடைய செக்கு சுழலாது. ஆகவே ஊரார் அவர்களை ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமைச் செக்கார், என்று அழைத்தனர். செய்த தொழிலோடு, அதனைச் செய்யாமல் விட்ட நாளும் சேர்ந்து அவர்களுக்குப் பெயராயிற்று.

செக்கு இருந்த கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. மார்க்கப் பற்றுள்ள யூதர்கள் வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை அதனைத் தொடுவதில்லை. இஸ்ரேலில் கட்டுப்பாடு மிக்க பிரிவினர் பலர், இணையமற்ற, ரப்பிகளின் ஒப்புதல் பெற்ற தனிவகைக் கைப்பேசிகளையே வைத்துக்கொள்கின்றனர். 2012 மே மாதம் நியூயார்க்கின் விளையாட்டரங்கு ஒன்றில், இணையத்தின் தீங்குகளைக் குறித்துப் பேச அவர்களில் பல்லாயிரவர் திரண்டனர்.

இது ஓய்வுநாளைப் பற்றியது மட்டுமன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த ரப்பி கெர்ஷோம் என்பாரின் பெயரால் ஒரு தடை வழங்குகிறது. பிறருக்கு எழுதப்பட்ட கடிதத்தை அனுமதியின்றிப் படிக்கலாகாது என்பதே அது. அன்று மடலுக்கு விதித்த தடையை இன்று மின்னஞ்சலுக்கும் அவர்கள் பொருத்துகின்றனர். கருவி மாறிற்று, விதி மாறவில்லை.

யூதர்களின் வழக்கத்தை நாம் ஏன் பேச வேண்டும் எனச் சிலர் வினவலாம். மதீனாவில் யூதர்கள் ஆஷூரா நோன்பு நோற்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மூஸா (அலை) அவர்களுக்கு நாமே மிக நெருங்கியவர்கள் என உணர்த்தி, தாமும் நோற்று, நம்மையும் நோற்கப் பணித்தார்கள். நன்மையைக் கண்டபோது நம் கடமையை நினைவுகூர்வது சுன்னத்தான வழியே.

சனிக்கிழமை ஓய்வு அவர்களுக்குரியது. நமக்கு ஜுமுஆ இருக்கிறது. பாங்கு ஒலித்ததும் வியாபாரத்தை விடுமாறும், தொழுகை முடிந்தபின் அல்லாஹ்வின் அருளைத் தேடிப் பரவிச் செல்லுமாறும் குர்ஆன் ஏவுகிறது. ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயமோ வந்த செய்தியை விசாரித்துத் தெளியச் சொல்கிறது. துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. இவை கைப்பேசிக்கு முன்பே வந்தவை. ஆயினும் குத்பாவின் நடுவே திரையைத் தடவும் விரல்களை நாம் காணாமலில்லை.

விளைவு எத்தகையது என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 2018 மே மாதம், நம் அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னை மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவியிருந்த பொய்யை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாத வரம்பை இந்தியாவில் கொண்டுவருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆனால் மார்க்கத்தின் வரம்பு முதல் ஒருவருக்கு அனுப்புமுன்பே தொடங்குகிறது.

பிறரைச் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. குழந்தை ஒன்றுக்கு அவசரமாக இரத்தம் தேவை என வந்த செய்தியை, திருப்புலிவனத்தில் நம்மிடம் ஓதும் பிள்ளைகளின் பெற்றோர் குழுவில் விசாரியாமல் பகிர்ந்தோம். ஒரு தந்தை அன்றைய கூலியை விட்டுச் செங்கல்பட்டு வரை சென்று திரும்பினார். அது பழைய செய்தி. “பரவாயில்லை ஹஜ்ரத், நீங்கள் அனுப்பியதால் நம்பினேன்” என்றார் அவர். அந்தச் சொல் இன்றும் நம்மைச் சுடுகிறது. அவர் நம்பியது செய்தியையன்று, நம்மை. அந்த நம்பிக்கை ஓர் அமானத்.

அன்று முதல், தொலைபேசியில் கேட்டறியாத எதையும் அக்குழுவில் இடுவதில்லை. ஜுமுஆ பாங்கு முதல் தொழுகை முடியும்வரை கைப்பேசியை அணைத்து வீட்டிலேயே வைத்துச் செல்கிறோம். பிள்ளைகள் இதனைக் கவனிக்கின்றனர்.

கொங்கணத்துச் செக்கார் ஒருநாள் வருவாயை இழந்து ஒரு பெயரைப் பெற்றனர். நம் ஊரில் நமக்கு என்ன பெயர் வழங்குகிறது? ‘அவர்கள் வீட்டிலிருந்து வந்த செய்தியா? அப்படியானால் விசாரித்துத்தான் அனுப்பியிருப்பார்கள்’ என்று அண்டை வீட்டார் சொல்லும் நிலையை நம் குடும்பங்களுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.